நாங்க இறங்கிப் பாத்துரலாம்

பூட்டு என்பது அடுத்த வீட்டுக்காரனுக்குத்தான். பூட்டைச் செய்தவனுக்கு ஏது பூட்டு? ஆட்களின் ஞாபகத்தைப் படித்துக் கோர்ட்டுக்குச் சான்று கொடுக்கிற நினைவுச் சான்றகத்தில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஜெபக்கனியும் மூன்று வருடமாகச் சொல்லாமல்தான் காலம் தள்ளினாள்.

அன்று காலை அவள் எதிரே வந்து உட்கார்ந்தவள் முத்துப்பேச்சி. இருபத்தாறு வயது. தூத்துக்குடி வெள்ளலை அமில ஆலையின் ஏழாம் தொட்டிக்குள் மூன்று மாதத்துக்கு முன்னால் மூன்று பேர் மூச்சடைத்துச் செத்தார்களே, அவர்களில் ஒருவன் அவளுடைய புருஷன் இசக்கிராஜ். பேச்சி மேலே நின்று கயிறு பிடித்தவள். தொட்டியிலிருந்து ஏறிய வாயு அவளையும் சாய்த்துப்போட்டது. பிழைத்துவிட்டாள். குரல் மட்டும் தகரத்தை உரசினாற்போல ஆகிவிட்டது. அந்த ஒரு மணி நேரமும் அவள் மூளையில் இல்லை. அவளுடைய துணையில் மட்டுந்தான் இருக்கிறது.

துணை என்றால் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பட்டாணி அளவில் இருக்குமே, அதுதான். அது இல்லாதவனை எந்த ஆலையும் கேட்டுக்குள் விடாது. நீங்கள் பார்த்ததையும் கேட்டதையும் அது எழுதிவைக்கும், கேட்டபோது எடுத்துக் கொடுக்கும். கொஞ்ச நாளில் மூளை சோம்பேறியாகி எல்லாவற்றுக்கும் அதன் கையையே எதிர்பார்க்கும். எது தன் ஞாபகம், எது துணையின் ஞாபகம் என்று பிரிக்க வைத்திருப்பவராலேயே முடியாது. ஊரிலுள்ள அத்தனை துணைகளையும் ஓட்டுகிற பெரிய தலை ஒன்று சான்றகத்தின் கீழ்த்தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் கரு. துணைகள் எழுதுகிற தாள்களெல்லாம் அதனிடந்தான் இருக்கும்.

"எக்கா, இது வலிக்குமா?" என்றாள் பேச்சி.

"வலிக்காதும்மா. உனக்குத் தெரியவே செய்யாது."

"என் துணைய என்னத் தவிர யாரும் தொட முடியாதுன்னுல்லா சொன்னாவ. பொறவு நீங்க எப்படி உள்ள வருவிய?"

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே கிடையாது. கனியிடம் பதில் தயாராக இருந்தது.

"நீ ஹவுசிங் போர்டுலதான இருக்க? உங்க பிளாக்குல பன்னெண்டாம் நம்பர் வீடு உண்டுல்லா?"

"உண்டு. ஒரு வாத்தியார் இருக்காரு. எந்நேரமும் தும்மிக்கிட்டே இருப்பாரு."

"எதுத்த பிளாக்குலயும் ஒரு பன்னெண்டு உண்டு. பன்னெண்டுன்னு சொன்னா உனக்கு வாத்தியார் வீடு. அங்க இருக்கவளுக்கு அது வேற வீடு. ஒவ்வொரு துணையும் இப்படித்தான். தன் பிளாக்குக்கு வெளிய ஒரு ஊரு இருக்குன்னே அதுக்குத் தெரியாது. அடுத்தவ வீட்டு நம்பரச் சொல்லக்கூட அதுக்கு வாய் கெடையாது. எல்லா பிளாக்குக்கும் வரைபடம் வச்சிருக்கது கரு ஒண்ணுதான். பேச்சியோட பன்னெண்டு நெசமா எங்க கெடக்குன்னு அது பாக்கும். அங்க இருக்க ஞாபகத் தாள் நகந்துராம மேல ஒரு கல்ல வச்சு அமுக்கும். எனக்கு ஒரு நகல் எடுத்துத் தரும். கல்ல எடுத்துரும். முடிஞ்சது."

"படிக்க மட்டுந்தான? எழுதவும் செய்யுமா?"

"கோர்ட்டு முத்திரை வச்ச தாள்ல எழுத முடியாது" என்றாள் கனி. பாதி உண்மைக்கு முழுப் பொய்யைவிட முகம் லட்சணமாக இருக்கும்.

பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள். கனி காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பேச்சியின் அந்தக் காலைப் பொழுதைத் திறந்தாள். மோட்டார் இரைச்சல். யாரோ இருமினார்கள். பிறகு மேற்பார்வையாளர் மரியதாசனின் குரல் தெளிவாகக் கேட்டது: "அடைப்புதான், வேற ஒண்ணுமில்ல. நாம இறங்கிப் பாத்துரலாம்." அதற்கு இசக்கிராஜ், "சரி அண்ணாச்சி" என்றான். காலணிகள் இரும்பு ஏணியில் இறங்கும் சத்தம். மரியதாசன் இறங்கவில்லை. தொட்டியின் வாயில் நின்றுகொண்டு டார்ச் அடித்தான்.

வழக்கு முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. தன் துணையைத் திறக்க மரியதாசன் சம்மதிக்கவில்லை. ஆலைக்காரர்கள் சொல்வது என்ன? மரியதாசன் "நாங்க" என்றுதான் சொன்னாராம். அதாவது நாங்கள், அதிகாரிகள், முகமூடி போட்டுக்கொண்டு இறங்கிப் பார்ப்போம், நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள் என்று. மூன்று பேரும் பேச்சைக் கேட்காமல் இறங்கிச் செத்தார்களாம். "நாம" என்றால் கூப்பிட்டு இறக்கினான். "நாங்க" என்றால் அவர்களே போய் விழுந்தார்கள். கனி நகலை எடுத்துவைத்துக்கொண்டு, "கெடைச்சிருச்சு பேச்சி. கவலப்படாத. உன் புருஷன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றாள்.

பேச்சி அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கனிக்கு அந்த ஆலை புதிதில்லை. அவளுடைய செல்வின் அங்கே குழாய் ஃபிட்டராக இருந்தவன். மூன்று வருடத்துக்கு முன்னால் குழாய் வெடித்து நாலு பேர் போனார்கள், அவனும் போனான். முந்தின நாள் சாயங்காலம் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு அவன் சொன்னது இன்னும் அவள் காதில் இருக்கிறது. "குழாய் தாங்காது கனி. நாங்க போயிரலாம்." அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே, "மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். நாங்க என்றால் அவனும் அவன் கூட்டாளிகளும். அந்தப் பட்டியலில் கனி இல்லை. விசாரணையில் அவளுடைய துணையைத்தான் படித்தார்கள். குழாய் தாங்காதென்று தெரிந்தே நாலு பேரும் தாங்களாகப் பழுது பார்க்கப் போனார்கள், ஆலை என்ன செய்யும் என்று முடித்துவைத்தார்கள். கருணை அடிப்படையில் சான்றகத்தில் அவளுக்கு ஒரு வேலையும் கொடுத்தார்கள். கட்டினவளை விட்டுவிட்டுக் கூட்டாளிகளோடு சேர்ந்து "நாங்க" போடுகிற மனுஷனை என்ன சொல்ல? கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றும்போதுகூட அவள் அவனிடம் இதைக் கேட்டுத்தான் சண்டை போடுவாள்.

ஆனால் அவனை விட்டுவிடவும் அவளால் முடியவில்லை. செத்தவர்களின் தாள்களைச் சான்றகம் ஒரு வருடம் வைத்திருக்கும். அப்புறம் காலி செய்துவிடும். செல்வினுடையது மூன்று வருடமாகக் காலியாகாமல் இருந்தது என்றால், அது மேலதிகாரி ஞானதிரவியம் காட்டிய தயவு. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அவள் சான்றகத்துக்கு வந்து பத்து நிமிடம் உட்கார்ந்து அவன் சிரிப்பதையும், மீன்காரியிடம் பேரம் பேசுவதையும் கேட்டுவிட்டுப் போவாள். குடும்பத்தாருக்கு அனுமதித்தது அவ்வளவுதான்.

மதியம் ஞானதிரவியம் கூப்பிட்டனுப்பினார். அறுபதை நெருங்கும் மனுஷன், கல்யாணம் காட்சி இல்லை, குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. டீ வரவழைத்தார். பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அந்தப் பொண்ணோட தாள்ல ஒரே ஒரு வார்த்தை கனி. 'நாம'ங்கறது 'நாங்க'ன்னு ஆகணும். அவ்வளவுதான்."

"சார், அது முத்திரை வச்ச தாள்."

"முத்திரை துணைக்குத்தாம்மா. கருவுக்கு ஏது முத்திரை? கட்டாயம்னு ஒரு ஆணை இருக்கே, தெரியாதா உனக்கு? பூட்டின தாள்ல எழுதச் சொன்னா கரு அசல்ல கை வைக்காது. புதுசா ஒரு தாள் எடுத்து, அதுல எல்லாத்தையும் அப்படியே இறக்கும். அப்புறம் அந்தப் புதுத் தாள்ல நீ சொன்னத எழுதும். பேச்சியோட வழிய அதுக்குத் திருப்பிவிட்டுடும். அவளுக்கு வித்தியாசமே தெரியாது."

"அசல் கெடக்குமே சார்?"

"போறதுக்கு வழியில்லாத தாள் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ரெண்டு நாள்ல கரு தானா கூட்டித் தள்ளிடும்." அவர் டீயை உறிஞ்சினார். "ஆலைய மூடினா நாலாயிரம் குடும்பம் கனி. செத்தவங்க திரும்பி வரப்போறதில்ல. நான் உன்ன மிரட்டல. செல்வின் விஷயமா மேலிடத்துலேருந்து மூணு தடவ கேட்டுட்டாங்க, ஏன் இன்னும் காலி பண்ணலன்னு. நாந்தான் தள்ளிப்போட்டுட்டே வரேன். நாளைக்கு நான் இந்த நாற்காலியில இல்லைன்னா யாரு தள்ளிப்போடுவா, சொல்லு?"

வேலியே பயிரை மேய்கிறது என்று ஊரில் சொல்வார்கள். இங்கே வேலி பயிரைக் கூப்பிட்டு, நீயே பிடுங்கிப்போடு என்றது. கனி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செல்வினின் சிரிப்பு ஞாபகம் வந்தது. பேச்சி தன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் உயிரோடு இருக்கிற ஒருத்தி, மறுபக்கம் செத்தவனின் சிரிப்பு. இதில் எதைத் தேர்வது என்று பிள்ளைகூடச் சொல்லும். கனி மற்றதைத் தேர்ந்தாள்.

"சரி சார்" என்றாள்.

வேலை நாலு நிமிடத்தில் முடிந்தது. கரு மரியதாசனின் குரலிலேயே "நாங்க" என்று செய்து கொடுத்தது. தாளைப் பிடித்து, கல் வைத்து, புதுத் தாளில் எழுதி, அது மாறிவிட்டதென்று குறித்துக்கொண்டு, கல்லை எடுத்துவிட்டது. எழுதி முடித்து ஒரு தடவை போட்டுக் கேட்டபோது கனியின் காது குத்தியது. "நாங்க இறங்கிப் பாத்துரலாம்." இது என்ன பேச்சு? நாம என்றால் பாத்துரலாம். நாங்க என்றால் பாத்துருவோம், பாத்துக்கிடுதோம். கேட்பவரையும் சேர்த்துக் கூப்பிடுகிற "லாம்" அது. ஆளை விலக்கிவிட்டு அதே மூச்சில் கூப்பிடுகிற மாதிரி எவனும் பேசமாட்டான். ஞானதிரவியம் சொன்னது ஒரு வார்த்தையை மட்டும்தான். வாலை வெட்டச் சொல்லவில்லை, அவருக்கு அது தோன்றவும் இல்லை.

கனி அதை அப்படியே விட்டுவிட்டாள். வேண்டுமென்றேதான் விட்டாள். அந்த யோசனை எப்படி அத்தனை சட்டென்று வந்ததென்று அவளுக்கே ஆச்சரியம். தமிழ்க் காது உள்ள யாராவது ஒருத்தர் கோர்ட்டில் கேட்பார். கேட்டதும், நிறுத்துங்கய்யா, இது ஒட்டுப்போட்ட பேச்சு என்பார். தன் கையால் செய்ததை இன்னொருத்தர் வாய் அவிழ்த்துவிடும். செல்வினும் மிஞ்சுவான், பேச்சியும் பிழைப்பாள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றிருந்தது அவள் கதை.

அடுத்த வாரம் கோர்ட்டில் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை. ஒருத்தியின் ஞாபகத்தைச் சபையில் போட்டுக் கேட்பது அந்தரங்கத்துக்கு விரோதம் என்று சட்டம் இருந்தது. நல்ல சட்டந்தான். அதனால் தாளைச் சாட்சிக்கு மட்டும் காதில் போட்டார்கள். வடக்கிலிருந்து வந்திருந்த நீதிபதிக்கு அவர் பாஷையில் மாற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பாஷையில் "லாம்" போன இடம் தெரியவில்லை. வக்கீல்களுக்கு ஒரு சான்றிதழ்தான் வந்தது: பேசியவர் பயன்படுத்தியது கேட்பவரை விலக்கிய பன்மை. கீழே ஜெபக்கனியின் கையெழுத்து. அவளே போட்டது.

நீதிபதி பேச்சியைக் கேட்டார். மொழிபெயர்ப்பவர் தமிழில் சொன்னார்: "நீங்க இப்ப கேட்டது உங்க ஞாபகந்தானா?"

கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த பேச்சியின் விரல்கள் வெளுத்துப்போயின. பிறகு, "ஆமா. அப்படித்தான் எனக்கும் ஞாபகம் வருது. நாங்கன்னுதான் சொன்னாரு" என்றாள்.

கனி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்த நிமிடத்தில் தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

தீர்ப்பு நாளைக்கு என்று ஒத்திவைத்தார்கள். வராந்தாவில் தண்ணீர்க் குழாயடியில் பேச்சி முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றாள். கனியைப் பார்த்ததும் முந்தானையால் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள். கோபமே இல்லை அவளிடம். அதுதான் கொடுமை.

"எக்கா, ஒதுங்குன்னு சொன்ன பொறவும் இந்த மனுசன் ஏன் எறங்கினாரு? என்ன மேல நிறுத்திட்டு, சொல்பேச்சு கேக்காம போயி விழுந்திருக்காரே. நான் என்ன பாவம் செஞ்சேன் அவருக்கு?"

பேச்சி தொடர்ந்தாள்.

"அந்த மரியதாசன் அண்ணாச்சி பேசினதும் ஒரு தினுசா இருந்துச்சு எக்கா. 'நாங்க பாத்துரலாம்'னு யாராச்சும் சொல்லுவாவளா? எங்க வீட்டுக்காரரு அதைக் கேட்டுட்டுச் சும்மாவா இருந்தாரு? அவரா இருந்தா, அண்ணாச்சி, ஒழுங்கா தமிழ் பேசுங்கன்னு சிரிச்சிருப்பாரே. உங்க வீட்டுப் பக்கம் யாரும் அப்படிப் பேசுவாவளா எக்கா?"

"இல்ல பேச்சி, யாரும் அப்படி..." என்று சொல்ல வாயெடுத்தாள் கனி.

நாங்க போயிரலாம்.

சொல் வாயிலேயே நின்றுவிட்டது. அடுக்களை வாசல், தோசைக்கல்லின் புகை, செல்வினின் குரல். குழாய் தாங்காது கனி, நாங்க போயிரலாம். மூன்று வருடமாக அவள் அந்த "நாங்க"வைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டாளே தவிர, பின்னால் வந்த "லாம்"மைக் கேட்கவே இல்லை. தினமும் மிதிக்கிற படியில் இருந்த விரிசல் அது. யோசனை எங்கிருந்து வந்ததென்று ஆச்சரியப்பட்டாளே, இங்கிருந்துதான் வந்தது. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யாரோ, கனியின் தாளில் எழுத அவரும் "சரி சார்" என்றிருக்கிறார். அவரும் வாலை வெட்டாமல் விட்டிருக்கிறார், யாராவது கேட்கட்டும் என்று. கேட்டிருக்க வேண்டியவள் கனிதான்.

"எக்கா? என்ன, ஒரு மாதிரியா நிக்கிய?"

"நீ வீட்டுக்குப் போ பேச்சி. அங்கயே இரு. நான் வாரேன்."

சான்றகத்துக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் கனி ஒன்றை மட்டுமே நினைத்துக்கொண்டு போனாள். கல்யாணம் பதியும்போது புருஷன் பெண்டாட்டி துணைகளையும் இணைத்துவிடுவது வழக்கம். இரண்டு பேரும் சேர்ந்து கேட்டதைக் கரு இரண்டு தரம் எழுதாது. ஒரே தாளில் எழுதி, அதற்கு இரண்டு பேரிடமிருந்தும் வழி போட்டுவிடும். ஒரே தாள்தானே என்றுதான் கனி செல்வினின் பக்கமிருந்து அந்தச் சாயங்காலத்தைக் கேட்க நினைத்ததே இல்லை. ஆனால் கட்டாய ஆணை அசலில் கை வைக்காது என்று ஞானதிரவியமே சொன்னார். புதுத் தாளுக்குத் திருப்பியது அவளுடைய வழியை மட்டும்தான். செல்வினின் வழி இன்னும் பழைய தாளுக்கே போகும். ஒரு வழி மிச்சமிருக்கிற தாளைக் கரு கூட்டித் தள்ளாது. கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷனுக்கு இது எப்படி ஞாபகம் வரும்?

கீழ்த்தளத்தில் யாருமில்லை. ஆணைச்சீட்டு இல்லாமலே அவள் கருவைக் கேட்டாள். அது மறுபேச்சுப் பேசவில்லை. யார் கேட்கிறார்கள் என்றுதான் பார்க்கும், ஏன் என்று அதற்குக் கவலையில்லை. செல்வினின் வரைபடத்தைத் திறந்து, அந்தச் சாயங்காலத்தின் தாளைத் தேடி, கல்லை வைத்து, படித்துக் கொடுத்தது.

"குழாய் தாங்காது கனி. நாம போயிரலாம்."

"மொதல்ல சாப்பிடுங்க."

அவன் ஆலைக்குப் போகிறேன் என்று சொல்லவேயில்லை. ஊரைவிட்டுப் போயிரலாம், நீயும் நானும் என்றிருக்கிறான். அவளையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறான். மறுநாள் ஷிப்டுக்குக் கூப்பிட்டார்கள், போனான், அவ்வளவுதான் நடந்தது. கனி மேசையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். என்னையும்தானய்யா கூப்பிட்ட, நான் தோசையத் திருப்பிக்கிட்டு நின்னேனே என்று வாய்விட்டு அழுதாள். மூன்று வருடச் சண்டைக்கும் சேர்த்து அழுதாள்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு இசக்கிராஜின் வரைபடத்தைத் திறந்தாள். அவனும் பேச்சியும் பதிவுத் திருமணம் செய்தவர்கள்தான். அவன் துணை அமிலத்தில் கரைந்துபோனது என்று ஆலையின் அறிக்கை சொன்னது. பட்டாணி கரையலாம், தாள் இங்கே அல்லவா இருக்கிறது? இருந்தது. "நாம இறங்கிப் பாத்துரலாம்." "சரி அண்ணாச்சி." அவள் புதிதாக ஒரு சான்றிதழ் எழுதினாள். முன்னது பொய், எழுதியது நான், ஆணையிட்டது இன்னார், அசல் இன்ன இடத்தில் இருக்கிறது என்று எழுதி, செல்வினின் தாளையும் கூடவே குறிப்பிட்டுக் கோர்ட்டுப் பதிவகத்துக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது: இறந்தவரின் தாளைத் திறக்க வாரிசின் ஒப்புதல் தேவை. வாரிசு நேரில் வர வேண்டும். பதிவகம் மாலை ஐந்து மணி வரை.

அப்போது மணி மூன்றே கால். தொலைபேசி அடித்தது.

"நீ என்ன திறந்தேன்னு எனக்கு இங்க தெரியுது கனி" என்றார் ஞானதிரவியம். இப்போதும் குரல் உயரவில்லை. "அனுப்பினத திரும்ப வாங்கு. இல்லாட்டி செல்வினோட தாளெல்லாம் இன்னிக்கே காலியாயிடும். நான் சொல்றது புரியுதா? அந்தச் சிரிப்பு, குரல், எல்லாம். உன்கிட்ட மிச்சம் இருக்கறது 'நாங்க' மட்டுந்தான்."

அது உண்மைதான். தெரிந்துகொண்ட பிறகும், கண்ணை மூடி அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் அவள் துணை "நாங்க" என்றே சொன்னது. இப்போது கேட்டதையாவது துணை எழுதி வைத்திருக்குமா என்றால், கீழ்த்தளத்தில் எந்தத் துணையும் எழுதாது. அது கருவின் விதி. வேண்டுமானால் அவளே கட்டாய ஆணை போட்டுத் தன் தாளில் "நாம" என்று எழுதிக்கொள்ளலாம். விரல் பொத்தான் வரைக்கும் போனது. அப்படி எழுதினால் அவள் தலைக்குள் இருப்பது இரண்டாவது தடவையும் கள்ளத் தாள்தான். கனி விரலை எடுத்துவிட்டாள். பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் "நாம" என்று அழுத்தி எழுதினாள்.

"காலி பண்ணிருங்க சார்" என்று சொல்லி போனை வைத்தாள்.

ஹவுசிங் போர்டில் பேச்சியின் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் கனியின் முகத்தைப் பார்த்து, "என்ன எக்கா, யாரு செத்தா?" என்றாள். அது ஒருவிதத்தில் சரியான கேள்விதான். அந்நேரம் சான்றகத்தில் செல்வின் போய்க்கொண்டிருந்தான்.

கனி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மரியதாசன் சொன்னது "நாம". இசக்கிராஜ் சொல்பேச்சு கேட்காமல் இறங்கவில்லை, கூப்பிட்டதால் இறங்கினான். அசல் அவன் பக்கம் பத்திரமாக இருக்கிறது. வாரிசு வந்து கையெழுத்துப் போட்டால் திறப்பார்கள். வருடம் தாண்டாத தாள், கோர்ட்டிலும் சொல்லியாகிவிட்டது, அதனால் ஐந்து மணி வரை யாரும் அதில் கை வைக்க முடியாது. அதற்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் அதையும் காலி செய்துவிடுவார்கள்.

பேச்சி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ கேட்பவள்போல நின்றாள்.

"எனக்கு நாங்கன்னுதான் கேக்குது எக்கா. இப்பமும் அப்படித்தான் கேக்குது. என் காதால கேட்டது பொய்யின்னு நானே எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"எனக்கும் அப்படித்தான் கேக்குது பேச்சி. என் வீட்டுக்காரரு சொன்னதும் நாங்கன்னுதான் கேக்குது." கனி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வேர்வையில் மை கசிந்திருந்தது. "சாகுற வரைக்கும் அப்படித்தான் கேக்கும். கேட்டாலும் நம்பாத."

பேச்சி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எங்கோ அந்த வாத்தியார் தும்மினார்.

"என் தாள்ல எழுதினது யாரு?"

"நான்தான்."

அறைவாள் என்று கனி எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேச்சி அறையவில்லை. உள்ளே போனாள். பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. அடையாள அட்டையையும் கல்யாணப் பதிவுத் தாளையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். செருப்பை மாட்டினாள். வீட்டைப் பூட்டினாள். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"மணி நாலு ஆகப்போகுது" என்றாள் கனி. "வா பேச்சி, நாம போயிரலாம்."

பேச்சி திரும்பிப் பார்த்தாள்.

"நான் வாரேன். நீங்களும் வாங்க" என்றாள். "நாமன்னு மட்டும் சொல்லாதிய."

அவள் முன்னால் படியிறங்கினாள். கனி இரண்டு படி விட்டுப் பின்னால் இறங்கினாள்.